சூரியன் விடைபெறும் நகரம்

பூமியின் அச்சு 23½ பாகை சாய்ந்திருக்கின்றது என்னும் செய்தியைப் பிள்ளைகள் கீழ் வகுப்புகளிலேயே மனனஞ் செய்துவிடுகின்றனர். சோதனையில் எழுதுகின்றனர், புள்ளியும் பெறுகின்றனர். ஆனால், அந்தச் சாய்வு ஒரு வீட்டின் அடுக்களையிலும், ஒரு பிள்ளையின் கையுறையிலும், தெருவோரத்தில் நடப்பட்ட ஒரு கம்பிலும் எவ்வாறு வந்து இறங்குகின்றது என்பதைப் பாடநூல் சொல்வதில்லை. பாடநூல் விட்ட இடத்தில் தொடங்குவது இப்பகுதியின் வழக்கம். ஆதலின், இக்கிழமை வாசகர்களை வடதுருவ வட்டத்துக்கு அப்பாலுள்ள ஒரு நகரத்துக்கு அழைத்துச் செல்ல எண்ணுகின்றேன். குளிர்காலம் வந்து நிலைத்த பின்னர் அன்று. அது வருமுன்னர், மக்கள் அதற்கு ஆயத்தஞ் செய்யும் மாதங்களில் அந்நகரத்தைக் காண்போம்.

நோர்வே நாட்டின் வடபகுதியில், வட அகலக்கோடு 69 பாகை 39 கலையில் அமைந்திருக்கும் துரோம்சோ என்பதே அந்நகரம். வடதுருவ வட்டத்திலிருந்து ஏறத்தாழ 340 கிலோமீற்றர் வடக்கே அது கிடக்கின்றது. நகரின் நடுப்பகுதி ஒரு தீவிலே உள்ளது. சுற்றிலும் ஒடுங்கிய கடல். கடலுக்கு அப்பால் மலைகள். தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் 1036 மீற்றர் நீளமான பாலம் 1960ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டது. பாலத்தின் மறு கரையில், பனிப்பாளங்களை நிறுத்தி அடுக்கியது போலத் தோன்றும் வெண்ணிறத் தேவாலயம் 1965ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 1794ஆம் ஆண்டில் நகர உரிமை பெற்றபோது நூறு பேர் கூட வாழாத இடம், இன்று 75,000இற்கு மேற்பட்ட மக்களைக் கொண்ட மாநகராக விளங்குகின்றது. 1972ஆம் ஆண்டிலே திறந்துவைக்கப்பட்ட பல்கலைக்கழகமொன்றும் அங்குண்டு. ஆகவே, துருவப் பிரதேசமென்றதும் நம் மனக்கண்ணில் எழும் பனிவீட்டையும் நாய் இழுக்கும் வண்டியையும் சற்று அப்பால் வைத்துவிட்டு, பஸ் வண்டிகளும் புத்தகக் கடைகளும் வைத்தியசாலையும் உள்ள ஒரு நகரத்தை வாசகர் நினைத்துக்கொள்ள வேண்டும்.

குளிரன்று, இருளே

அத்துணை வடக்கே இருக்கும் ஊர், குளிரில் விறைத்துக் கிடக்குமென்று நாம் எண்ணுதல் இயல்பு. உண்மை அஃதன்று. ஜனவரி மாதத்தில் துரோம்சோவின் சராசரி வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே மூன்று நான்கு பாகை சதமளவிலேயே நிற்கின்றது. சைபீரியாவிலுள்ள யாக்குட்ஸ்க் நகரம் துரோம்சோவிலும் பார்க்க ஏழு பாகைக்கு மேல் தெற்கே இருந்தும், அங்கே ஜனவரிச் சராசரி பூச்சியத்துக்குக் கீழே ஏறத்தாழ 38 பாகை. இந்தப் பெரும் வேற்றுமைக்குக் காரணம் கடல். அத்திலாந்திக் சமுத்திரத்தின் வெந்நீரோட்டம் நோர்வேக் கரையோரமாக வடக்கு நோக்கிச் செல்கின்றது. அதனால், துரோம்சோத் துறைமுகம் குளிர்காலத்திலும் உறைவதில்லை. மீன்பிடிப் படகுகள் ஆண்டு முழுவதும் போய் வருகின்றன.

ஆனால், எந்த நீரோட்டமும் சூரியனைக் கொண்டுவந்து தர மாட்டாது. செப்டெம்பர் 22ஆந் திகதி அளவிலே, உலகெங்கும் போலவே துரோம்சோவிலும் பகலும் இரவும் ஏறக்குறையச் சமமாகும். நவம்பர் 27ஆந் திகதி தொடங்கி ஜனவரி நடுப்பகுதி வரையில் அங்கே சூரியன் அடிவானத்துக்கு மேலே எழுவதேயில்லை. தெற்கே மலைகள் மறைப்பதனால், நகர மக்கள் தம் கணக்கில் நவம்பர் 21 முதல் ஜனவரி 21 வரை இரண்டு மாதங்களைச் சூரியனில்லாக் காலமாகக் கொள்கின்றனர்.

மாணவர்கள் ஒரு கடதாசியை எடுத்து இதனைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 12 மணித்தியாலம் என்பது 720 நிமிடம். செப்டெம்பர் 22 முதல் நவம்பர் 26 வரை 65 நாள். வகுத்தால், நாளொன்றுக்குச் சராசரியாகப் பதினொரு நிமிடப் பகல் குறைகின்றது. ஒரு கிழமையில் ஒன்றேகால் மணித்தியாலம். யாழ்ப்பாணத்திலே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்குமிடையே உள்ள வேற்றுமையே ஒரு மணித்தியாலமுஞ் சில நிமிடங்களுந்தான். நமது சூரியன் ஆறு மாதமெடுத்துச் செய்வதை அவர்களது சூரியன் ஒரு கிழமையிலே செய்து முடிக்கின்றது. சென்ற திங்கட்கிழமை வெளிச்சத்தில் வீடு திரும்பியவன், இந்தத் திங்கட்கிழமை அதே நேரத்தில் மங்கலிலே திரும்புகின்றான். வருந் திங்கட்கிழமை விளக்கில்லாமல் திரும்ப முடியாது.

சூரியன் எழாத நாட்களிலும் முழு இருளென்று கொள்ளற்க. நண்பகலை ஒட்டிய சில மணி நேரத்துக்கு, அடிவானத்தின் கீழேயிருந்து வருகின்ற ஒளி வானத்தை நீலமாகவும் தெற்கே இளஞ்சிவப்பாகவும் ஆக்கும். வானம் தெளிந்த இரவுகளில் பச்சைத் திரைபோல் அசையும் வடதுருவ ஒளியுந் தோன்றும். ஆயினும், பாடசாலைக்குப் போகையிலும் இருள், திரும்புகையிலும் இருள் என்பதே பிள்ளைகளின் அன்றாட அனுபவம்.

இதனை வகுப்பிலே விளக்கியபோது, பின் வாங்கில் இருந்த ஒரு மாணவன் எழுந்து, "அப்படியென்றால் ஆட்கள் வேலைக்குப் போகமாட்டார்களா, சேர்?" என்று கேட்டான். மற்றவர்கள் சிரித்தார்கள். ஆனால், கேள்வி சிரிப்புக்குரியதன்று. அதற்கு விடை, எல்லாரும் போகின்றார்கள் என்பதே. பாடசாலை மூடப்படுவதில்லை; பஸ் நிற்பதில்லை; தபால் தாமதிப்பதில்லை. எவ்வாறு இது கைகூடுகின்றது என்பதே நாம் அறிய வேண்டியது. அதன் விடை டிசெம்பரில் இல்லை. செப்டெம்பரிலும் ஒக்டோபரிலும் இருக்கின்றது.

அடுக்களையும் விறகும்

மே மாதப் பிற்பகுதியிலிருந்து யூலைப் பிற்பகுதி வரை அங்கே சூரியன் மறைவதில்லை. நள்ளிரவிலும் வெயிலெறிக்கும் அந்தக் காலத்தில் விளைந்தவற்றைச் சேர்த்து வைப்பதுடன் ஆயத்தம் தொடங்குகின்றது. ஓகஸ்டிலே சதுப்பு நிலங்களில் மஞ்சள் நிறமான ஒருவகைப் பழம் முதிர்கின்றது. அது தோட்டத்திற் பயிரிடப்படுவதன்று. குடும்பத்தோடு நடந்துபோய் ஒவ்வொன்றாகப் பறிக்க வேண்டும். நல்ல பழமுள்ள இடத்தை அயலவருக்குக் கூடச் சொல்லாத வழக்கம் அங்குண்டு. செப்டெம்பரிலே சிவந்த சிறு பழங்கள் வருகின்றன. அவை ஜாமாகிப் போத்தல்களிலே அடைபடுகின்றன. உருளைக்கிழங்கைக் கிண்டியெடுத்துக் குளிர்ந்த அறையிலே சேமிப்பர்.

கோடை முழுவதும் மலையிலே மேய்ந்த செம்மறியாடுகள் செப்டெம்பரிற் கீழே இறக்கப்படுகின்றன. அக்காலத்தில் நோர்வே முழுவதும் விரும்பி உண்ணப்படும் உணவு, ஆட்டிறைச்சியையும் கோவாவையும் அடுக்கடுக்காக வைத்து, மிளகிட்டு, மூன்று மணித்தியாலம் மெல்ல அவித்தெடுக்கும் ஒரு கறி. செப்டெம்பர் மாதத்தின் கடைசி வியாழக்கிழமை அதற்கென்றே குறிக்கப்பட்ட நாளாகும். விலையுயர்ந்த பண்டம் ஒன்றும் அதிலே இல்லை. ஆறிய பின் மறுநாள் சூடாக்கி உண்டால் சுவை கூடும் என்பர். நம் வீட்டுப் பழங்குழம்பின் சுவையறிந்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது விறகு. நோர்வே வீடுகள் பெரும்பாலும் மின்சாரத்தினாலேயே வெப்பமூட்டப்படுகின்றன; அந்த மின்சாரம் ஆறுகளின் நீர்வலுவிலிருந்து வருவது. ஆயினும், விறகடுப்புள்ள வீடுகள் பல. வசந்தத்திலே பிளந்து, காற்றோட்டமாக அடுக்கி, கோடை முழுவதும் உலர விட்ட மரமே நன்றாக எரியும். குளிர் தொடங்கிய பின் வெட்டிய பச்சை மரம் புகையுமேயன்றி வெப்பந் தராது. இந்த விறகு அடுக்குங் கலையில் அம்மக்களுக்குள்ள பற்றுக்கு ஒரு சான்று கூறலாம். 2013ஆம் ஆண்டு பெப்ரவரியில் அந்நாட்டு அரச தொலைக்காட்சி, விறகு பற்றிய நிகழ்ச்சியொன்றைப் பன்னிரண்டு மணித்தியாலம் ஒளிபரப்பியது. அதிற் பெரும் பகுதி, அடுப்பில் விறகு எரிவதைக் காட்டுவதே. பார்த்தோர் பலர். விறகை மரப்பட்டை மேலே இருக்க அடுக்குவதா, கீழே இருக்க அடுக்குவதா என்பது பற்றி நிலையத்துக்கு முறையீடுகளும் வந்தன!

வீட்டின் அமைப்பும் இதற்கேற்றது. யன்னல்களுக்கு இரண்டு மூன்று கண்ணாடித் தகடுகள். அவற்றின் நடுவே அடைபட்ட இடைவெளி. வாயிலுக்குள் நுழைந்ததும் ஒரு சிறு முன்னறை. அங்கேயே சப்பாத்தைக் கழற்றிவிட வேண்டும். சப்பாத்துடன் வீட்டினுள்ளே நடப்பவனை அங்கு ஒருவரும் மதிக்கமாட்டார்கள். இவ்விடயத்தில் நம் வீட்டுப் பாட்டிமாரும் அவர்களும் ஒரே கட்சி.

தெருவோரத்துக் கம்புகள்

இனி வீட்டை விட்டுத் தெருவுக்கு வருவோம். இலையுதிர்காலத்தில் அங்கே செல்பவன், வீதியின் இரு மருங்கிலும் ஆளுயரத்துக்கு மேற்பட்ட மெல்லிய கம்புகள் வரிசையாக நடப்பட்டிருப்பதைக் காண்பான். அப்போது பனி கிடையாது, புல் தெரிகின்றது, வீதி தெரிகின்றது. எதற்காக இக்கம்புகள் என்று புதியவன் வியப்பான். பனி கொட்டி வீதியும் வயலும் ஒரே வெண்பரப்பாகிவிட்ட பின், பனியகற்றும் பொறிவண்டிக்காரனுக்கு வீதியின் ஓரம் எதுவென்று காட்டுவதற்கு அக்கம்புகளைத் தவிர வேறொன்றும் இராது. நிலம் உறைந்த பின்னர் அவற்றை நடவும் முடியாது. துரோம்சோவிலே 1997ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் 240 சதமமீற்றர் ஆழமான பனி அளவிடப்பட்டது என்பதை அறிந்தால், அக்கம்புகளின் அருமை விளங்கும். வீதி கண்ணுக்குத் தெரிகின்ற காலத்திலேயே, அது தெரியாமற் போகுங் காலத்துக்கு அடையாளம் இட்டு வைக்கின்றார்கள்.

ஒக்டோபர் 16ஆந் திகதி முதல், ஆணி பதித்த டயர்களைப் பூட்டி ஓட்ட வட நோர்வேயில் அனுமதியுண்டு. ஏப்பிரல் முடிய அவற்றைக் கழற்றிவிட வேண்டும். பனிக்கட்டியைக் கவ்விப் பிடிக்கும் அந்த ஆணிகள் வெறும் தார் வீதியைத் தேய்த்துத் தூசி கிளப்புவன ஆதலின், திகதி குறித்தே சட்டம் அனுமதிக்கின்றது. நடந்து செல்வோருக்கும் அத்தகைய உபாயம் உண்டு. சப்பாத்தின் அடியில் மாட்டும் இரும்பு முட்களை முதியோர் கைப்பையிலேயே வைத்திருப்பர். வழுக்கும் நடைபாதைகளிற் சல்லிக்கல் தூவப்படும். கூரையிலிருந்து சரியும் பனி வழிப்போக்கர் தலையில் விழாமற் பார்ப்பது வீட்டுக்காரரின் பொறுப்பு.

ஒக்டோபர் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை கடிகாரங்களை ஒரு மணித்தியாலம் பின்னே திருப்புகின்றனர். அந்த மாலை முதல் இருள் திடீரென ஒருமணி முந்தி வந்துவிடுகின்றது. குளிர்காலம் படியேறி வாயிலில் நிற்பதை ஒவ்வொரு வீட்டுக்கும் அறிவிக்கும் மணியோசையென அதனைச் சொல்லலாம்.

பிள்ளைகளும் கையுறையும்

கெட்ட காலநிலை என்று ஒன்றில்லை, கெட்ட உடுப்புத்தான் உண்டு என்பது நோர்வே நாட்டுப் பழமொழி. அங்குள்ள பாலர் பாடசாலைகள் இதனைச் சொல்லளவில் வைத்திருப்பதில்லை. மழையாயினும் பனியாயினும் பிள்ளைகள் நாள்தோறும் வெளியே விளையாடுவர். மிகக் கடுங்குளிரான நாட்களைத் தவிர, கைக்குழந்தைகள் நன்றாகப் போர்த்தப்பட்டு, வண்டியிற் கிடந்தவாறே வெளிக்காற்றிலே பகல் உறக்கம் கொள்வதும் வழக்கம். நம் தாய்மார் கேட்டால் நெஞ்சில் அடித்துக்கொள்வர்!

ஆனால், இது கவனமின்மையன்று; கவனத்தின் உச்சம். உடலோடு ஒட்டிக் கம்பளி. அதன் மேல் இன்னொரு கம்பளி. அதன் மேலே காற்றும் நீரும் புகாத மேலுடை. ஒவ்வோர் அடுக்குக்கும் இடையிலே சிறைப்பட்டிருக்குங் காற்றே உடற்சூட்டைக் காக்கின்றது. பருத்தித் துணி வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே நின்று உடலைக் குளிர்விப்பதால் அதனை உள்ளே அணிவிப்பதில்லை. கம்பளியோ நனைந்தாலும் ஓரளவு சூடு தரும். பாலர் பாடசாலைகளிலே ஈர உடுப்பை உலர்த்துவதற்கென்று சூடேற்றப்பட்ட அலுமாரி உண்டு. ஒவ்வொரு கையுறையிலும் பிள்ளையின் பெயர் எழுதப்பட்டிருக்கும். மாற்றுக் கையுறை, மாற்றுக் காலுறை, மாற்று உள்ளுடை யாவும் பெற்றோரால் முன்னரே கொண்டுவந்து வைக்கப்பட வேண்டும். ஒக்டோபரில் ஒரு தாய் இரவிலிருந்து கையுறைகளிற் பெயரெழுதும் அந்தச் சிறிய வேலையிலேதான், ஜனவரியில் அப்பிள்ளையின் விரல்கள் விறைக்காமல் இருப்பது தங்கியிருக்கின்றது.

மீனெண்ணெயும் மறக்கப்படுவதில்லை. மாதத்தின் பெயரிலே 'ர்' என்னும் எழுத்து உள்ள காலமெல்லாம் மீனெண்ணெய் குடிக்க வேண்டும் என்பது அந்நாட்டு மூத்தோர் வாக்கு. ஆங்கில மாதப் பெயர்களைப் போலவே அவர்களின் மாதப் பெயர்களிலும் மே முதல் ஓகஸ்ட் வரை அவ்வெழுத்து வராது. செப்டெம்பர் முதல் ஏப்பிரல் வரை வரும். இதன் பொருத்தம் வியக்கத்தக்கது. நம் தோலின் மீது வெயில் படும்போது உடலிலே உண்டாகும் டி உயிர்ச்சத்து, வெயிலற்ற மாதங்களில் உண்டாவதில்லை; எலும்பின் உறுதிக்கு அது வேண்டும். கொட் மீனின் ஈரலெண்ணெயிலே அது நிறைந்திருக்கின்றது. விஞ்ஞானிகள் அச்சத்தைக் கண்டறிந்து பெயரிடுமுன்னரே, மீனவர் மனைவியர் கரண்டியும் போத்தலுமாக நின்று பிள்ளைகளின் வாயைத் திறக்கச் செய்தனர். சுவை மட்டும் அன்றுபோல் இன்றும் பிள்ளைகளுக்குப் பகையே.

காண்பதற்கன்று, காணப்படுவதற்கு

இத்தனை ஆயத்தங்களிலும் என் மனத்தை மிகவும் பற்றிக்கொண்டது ஒரு சிறு பொருள். விலை அற்பம், கனம் இல்லை. மேலுடையின் ஓரத்தில் ஒரு நூலிலே தொங்கும், உள்ளங்கை அளவான, ஒளியைத் திருப்பியனுப்பும் ஒரு தகடு. குழந்தை முதல் கிழவர் வரை அதனை அணிகின்றனர். நாயின் கழுத்துப் பட்டியிலும் அது உண்டு.

தாழ்த்திய விளக்குடன் வருகின்ற வாகனச் சாரதிக்கு, கறுப்பு உடுப்பணிந்து இருளிலே நடப்பவன் 25 அல்லது 30 மீற்றர் தூரத்தில்தான் தென்படுவான். தகடு அணிந்திருப்பின் ஏறத்தாழ 140 மீற்றரிலேயே தென்படுவான். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு விநாடியிலே சுமார் 14 மீற்றர் ஓடும். ஆகவே, தகடில்லாதவனுக்கு இருப்பது இரண்டு விநாடி. தகடுள்ளவனுக்குப் பத்து விநாடி. உயிருக்கும் உயிரிழப்புக்குமிடையிலே தொங்குகின்றது அந்த நூல்.

இதிலே ஒரு நுட்பம் உண்டு. அந்தத் தகடு அணிந்தவனுக்கு எவ்வித வெளிச்சமும் தருவதில்லை. அவன் தன் வழியை அதனாலே காணமாட்டான். பிறர் தன்னைக் காண்பதற்காகவே அதனை அணிகின்றான். பிறருடைய விளக்கு தன் மேல் விழும்போது, அதனை விழுங்கிவிடாமல் திருப்பிக் கொடுப்பதே அதன் தொழில். இருளுக்கு ஆயத்தஞ் செய்தல் என்றால் தனக்கு ஒரு விளக்கைத் தேடிக்கொள்வது என்றே நாம் நினைக்கின்றோம். அந்நகரத்தாரோ, இருளில் நான் பிறர் கண்ணுக்குப் படவேண்டும், பிறர் என் கண்ணுக்குப் படவேண்டும் என்பதையே முதற் பாடமாகப் பிள்ளைக்குக் கற்பிக்கின்றனர்.

இந்தக் கருத்தை மனத்திற் கொண்டு நோக்கினால், நகரின் ஏனைய வழக்கங்களும் ஒன்றோடொன்று பொருந்துவதைக் காணலாம். நத்தாருக்கு முந்திய நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் முதலாவது வந்ததும், பெரும்பாலான வீடுகளின் யன்னல்களிலே கடதாசி நட்சத்திரமும், ஏழு சுடர் கொண்ட மின் விளக்குத் தண்டும் ஏற்றப்படுகின்றன. அவை அறையின் நடுவே வைக்கப்படுவதில்லை. தெருவை நோக்கியே வைக்கப்படுகின்றன. வேலை முடிந்து மலைச்சரிவிலே நடந்து வருபவன், யாரென்று அறியாதவர் வீட்டு விளக்குகளின் துணையோடு தன் வீடு சேர்கின்றான். அவன் வீட்டு விளக்கு வேறொருவனுக்குத் துணை.

வெளியே வருவதற்குக் காரணங்களையும் அந்நகரம் தானே உண்டாக்கி வைத்திருக்கின்றது. தீவின் நீளத்துக்கு மரங்களினூடே செல்லும் பனிச்சறுக்குப் பாதையில் மின்விளக்குகள் நாட்டப்பட்டுள்ளன; வேலைக்குப் பின் இளைஞரும் முதியோரும் அதிலே சறுக்கிச் செல்வர். பழைய படமாளிகையொன்றின் வளைகூரையின் கீழே 2005ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட நகர நூல்நிலையம் கண்ணாடிச் சுவர்களுடன் ஒரு பெரும் விளக்குப் போல நின்று வருவோரை அழைக்கின்றது. அனைத்துலகத் திரைப்பட விழா 1991ஆம் ஆண்டு முதல் ஜனவரியிலே நடைபெற்று வருகின்றது. பனியின் நடுவே திறந்த வெளியிலும் படம் காட்டுகின்றனர். 1988ஆம் ஆண்டிலே தொடங்கிய இசை விழாவும் ஜனவரியிலேயே. நள்ளிரவிலும் வெயிலெறிக்கும் யூன் மாதத்திலே இவ்விழாக்களை வைத்தால் எவ்வளவு எளிது! ஆனால், யூனில் எவரையும் வீட்டிலிருந்து வெளியே அழைக்க வேண்டியதில்லை.

எல்லாருக்கும் எளிதன்று

இவ்வளவும் கூறியதனால், அங்கே ஒருவருக்கும் துன்பமில்லை என்று கொள்ளுதல் தவறு. சூரியனில்லாக் காலத்தில் இரவிலே உறக்கம் வராமலும் காலையிலே விழிக்க முடியாமலும் வருந்துவோர் பலர். காலை வெளிச்சத்தைக் கொண்டே நம் உடம்பு தன் கடிகாரத்தைச் சரிசெய்து கொள்ளுகின்றது; அவ்வெளிச்சம் இல்லாதபோது கடிகாரம் பின்தங்குகின்றது. தனித்து வாழும் முதியோருக்கு, வழுக்கும் தெரு ஒரு சிறைச்சுவர் ஆகிவிடலாம்.

2014ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியலாளர் காரி லீபோவிட்ஸ் துரோம்சோவுக்குச் சென்று, ஏறக்குறைய ஓராண்டு தங்கி, அங்குள்ள பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஒருவருடன் ஆய்வு நடத்தினார். குளிர்காலத்தைப் பற்றி மக்கள் என்ன மனப்பான்மை கொண்டுள்ளனர் என்பதே ஆய்வின் பொருள். தெற்கிலிருந்து வடக்கே செல்லச் செல்ல அம்மனப்பான்மை நல்லதாகவே இருந்தது என்றும், அதனை நல்லதாகக் கருதியோர் தம் வாழ்விலும் கூடிய நிறைவு கொண்டிருந்தனர் என்றும் கண்டனர். நிறைவு மனப்பான்மையைத் தந்ததா, மனப்பான்மை நிறைவைத் தந்ததா என்பதை அவ்வாய்வு தீர்த்து வைக்கவில்லை. எனினும், இருள் மிகுந்த இடத்திலே இருளைப் பற்றிய முறைப்பாடு குறைந்திருந்தது என்பது சிந்திக்கத்தக்கது. வெறும் மனவுறுதியினால் வந்த பண்பென்று இதனை நான் கருதவில்லை. கம்பு நட்டவனுக்கும், கையுறையிற் பெயரெழுதியவளுக்கும் பனியைக் கண்டு கலங்க வேண்டிய தேவை குறைவு.

இந்த வடதிசை நம்மவருக்கு அந்நியமானதுமன்று. 1956ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணத்திலிருந்து நோர்வே சென்ற அந்தோனி இராஜேந்திரம் அவர்களைத் தொடர்ந்து, 1980களிற் பெருந்தொகையான இலங்கைத் தமிழ் இளைஞர் அந்நாட்டை அடைந்தனர். அவருட் பலர், துரோம்சோவுக்கும் வடக்கேயுள்ள கரையோர ஊர்களின் மீன் தொழிற்சாலைகளிலே வேலை செய்தனர். வெயில் நாட்டிற் பிறந்து, உறைந்த மீனை வெட்டி, சூரியனைக் காணாத மாதங்களைக் கழித்து, அந்தச் சம்பளத்திலே இங்குள்ள தம்பி தங்கையரைப் படிக்க வைத்தவர்கள் அவர்கள். நம் ஊர்களிற் பல வீடுகளின் சுவர்களுக்குள்ளே அந்த இருள் மாதங்களின் உழைப்பு இருக்கின்றது. "அங்கே எப்படி?" என்று தொலைபேசியில் நாம் கேட்கும்போது, "பரவாயில்லை, குளிர்தான்" என்ற ஒரு சொல்லோடு அவர்கள் நிறுத்திக்கொள்வதுண்டு. அந்தச் சொல்லின் பின்னாலே எத்தனை அதிகாலை இருள் இருந்ததென்பதை இப்போதாவது நாம் எண்ணிப் பார்க்கலாம்.

மேற்படிப்புக்காகவோ தொழிலுக்காகவோ வடநாடுகளுக்குச் செல்ல ஆயத்தமாகும் மாணவருக்கு ஒரு சொல். தடித்த மேலங்கியை வாங்குவதோடு ஆயத்தம் முடிந்ததென எண்ணாதீர்கள். செப்டெம்பரிலே, வெளிச்சம் இருக்கும்போதே, அயலவர் பெயரை அறிந்து வையுங்கள். கிழமைக்கு ஒருமுறையாவது தவறாது செல்லும் ஓர் இடத்தை, நூல்நிலையமோ விளையாட்டிடமோ பாட்டு வகுப்போ, ஏற்படுத்திக்கொள்ளுங்கள். இருள் வந்த பின்னர் அவற்றைத் தேடப் புறப்படுதல், நிலம் உறைந்த பின்னர் கம்பு நடப் போவதற்கு ஒப்பாகும்.

துரோம்சோ மக்கள் ஜனவரி 21ஆந் திகதியைச் சூரிய நாளெனக் கொண்டாடுகின்றனர். அன்று வெதுப்பகங்களிலே எண்ணெயிற் பொரித்து உள்ளே ஜாம் நிறைத்த உருண்டைப் பணிஸ் குவிந்து கிடக்கும். அதற்குச் சூரியப் பணிஸ் என்று பெயர். பிள்ளைகள் தெற்கு மலைகளை நோக்கி நிற்பர். வானம் தெளிந்திருப்பின், மலைகளின் மேலே சில நிமிடங்களுக்கு ஒரு பொன்விளிம்பு தோன்றி மறையும். மேகம் மூடியிருந்தாலோ ஒன்றும் தோன்றாது. ஆயினும் பணிஸ் உண்ணப்படுகின்றது. மேகத்துக்குப் பின்னாலே சூரியன் வந்துவிட்டது என்பதில் அவர்களுள் எவருக்கும் ஐயமில்லை.